உடும்புக் கொக்கி

ஒச்சாண்டி "ரைட்ல ஒடி" என்று ஒரு குரல் கொடுத்தால், வீரபாண்டி ஆற்றில் துணி துவைக்கிற பெண்கள் கல்லை விட்டு வலது பக்கம் நகர்ந்து உட்கார்வார்கள். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் மில் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் மேய்கிற எருமைகள் அவன் குரலுக்குத் திரும்பியதையும், "போதும்" என்றதும் மேய்ச்சலையே நிறுத்திவிட்டு நின்றதையும் கண்ணால் கண்டவர்கள் பழனிசெட்டிபட்டியில் பாதிப் பேர். மீதிப் பேர் அவர்கள் சொல்லிக் கேட்டவர்கள்.

கம்பம் ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லில் லாரிகளைப் பின்னால் வரச்சொல்லி லோடு மேடையோடு ஒட்டி நிறுத்துவது அவன் வேலை. நிறுத்தியதும் டயருக்குக் கட்டை வைப்பான். நூல் மூட்டைகள் ஏறி முடிந்ததும் கட்டையை உருவிவிட்டு, லாரியின் பாடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டினால் புறப்படு என்று அர்த்தம். இதற்கு நடுவே டிரைவர் பக்கக் கதவைத் தட்டி, அவன் எந்த ஊரிலிருந்து வருகிறான், அங்கே மழை உண்டா, வழியில் எவன் எவனோடு சண்டை போட்டான் என்பதையெல்லாம் கறந்துவிடுவான். கொச்சியில் மீன் என்ன விலை என்பது கொச்சிக்காரனுக்குத் தெரிவதற்கு முன்னால் ஒச்சாண்டிக்குத் தெரியும்.

இத்தனைக்கும் செலவானது குரல். சாயங்காலம் ஆறு மணிச் சங்கு ஊதும்போது தொண்டையில் ஒரு சொட்டு மிஞ்சியிருக்காது. வீட்டுக்குப் போனால் ஊமைதான். சோறு வேண்டும் என்றால் தட்டைக் காட்டுவான். வெஞ்சனம் போதும் என்றால், லாரியை நிறுத்துகிற மாதிரி கையை மேலே தூக்குவான். அவன் மனைவி மாயக்காள் இருபது வருஷமாக இந்தக் கையோடுதான் குடும்பம் நடத்தினாள். மகள் இருந்தவரை வீட்டில் ஒரு வாயாவது ஓடிக்கொண்டிருந்தது. மகளை உத்தமபாளையத்தில் கட்டிக் கொடுத்த பிறகு அந்த வீட்டில் பேசுகிற ஜீவன் என்று இருந்தது சுவர்ப் பல்லி ஒன்றுதான்.

தீபாவளி கழிந்து ஒரு நாள், அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாயக்காள் கேட்டாள்.

"ஏய்யா, சந்தனம்மா ஏலக்காய்க் காட்டு வேலைக்கு ஆள் சேக்குறா. மலையிலயே தங்கல். நானும் போகட்டுமா?"

போக வேண்டும் என்று கேட்கவில்லை அவள். போகாதே என்று ஒரு வார்த்தை காதில் விழுமா என்று கேட்டாள். ஒச்சாண்டி அன்றைக்கு நிறைய லாரிகளுக்குக் கத்திவிட்டு வந்திருந்தான். அவள் என்ன கேட்டாள் என்பது அவன் காதுக்குள் போய், அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டது. கை மட்டும் விழித்திருந்தது. இடது கையை நீட்டி, சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான்.

விடிந்ததும் சந்தனம்மாள் கொண்டுவந்த ஜீப்பில் ஏறி மாயக்காள் குமுளிப் பக்கத்து மலைக்குப் போய்விட்டாள். பொங்கலுக்கு வரவில்லை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே வந்தது, அவள் வரவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள் என்று ஒச்சாண்டி நினைத்துக்கொண்டான். தட்டினது அவனுக்கு ஞாபகமே இல்லை.

அவள் போன கொஞ்ச நாளில் மில்லுக்கு அந்தச் சாமான் வந்து சேர்ந்தது.

அதற்கு முந்தின வருஷம் ஒரு விபத்து நடந்திருந்தது. சுமைதூக்கிகளுக்கு மேஸ்திரியான சங்கிலி, முதுகில் மூட்டையோடு மேடையிலிருந்து லாரிக்குள் ஒரு கால் வைத்தபோது, அவசரக்கார டிரைவர் ஒருவன் கட்டையை மீறி வண்டியை நகர்த்திவிட்டான். சங்கிலி இடுக்கில் விழுந்து கால் முறிந்து, கோணலாகக் கூடியது. முதலாளி மகன் வெளிநாடு போனபோது இதற்கு ஒரு வழியைப் பார்த்து வைத்து, கப்பலில் வரவழைத்தான். தரையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த இரண்டு இரும்புத் தண்டவாளம்; பின் டயர்கள் அதற்குள் புகுந்தால் வண்டி கோணாமல் தானே நேராகும். மேடைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பலகை. டயர் அதை மிதித்ததும் மணி அடிக்கும். மேடைச் சுவரின் அடியிலிருந்து ஒரு கொக்கி எழுந்து, லாரியின் பின்னடியில் இருக்கிற குறுக்குச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வினால் டிரைவருக்குச் சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பினால்தான் கொக்கி இறங்கிப் பச்சை எரியும். அதுவரை லாரி ஒரு சாண் போகாது. யானை கட்டி இழுத்தாலும் யானைதான் ரெண்டாகும் என்றார்கள். சுமைதூக்கிகள் முதல் நாளே அதற்கு உடும்பு என்று பேர் வைத்து, மாலை போட்டு, பொட்டும் வைத்துவிட்டார்கள்.

"இது முந்தியே வந்திருந்தா என் காலு நேரா இருந்திருக்கும்," என்று சங்கிலி அதைத் தொட்டுக் கும்பிட்டான்.

சாவி ஒச்சாண்டியிடம் வந்தது. மேடையின் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே சுழல் நாற்காலி, மின்விசிறி. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுப்பதுபோலக் கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை. சம்பளமும் கூடியது. ஊரில் பொறாமைப்படாத ஆள் இல்லை.

ஒச்சாண்டி கூண்டுக்குள் உட்கார்ந்தான். லாரி தானே வந்தது, தானே நேரானது, மணி தானே அடித்தது. அவன் பேசுவதற்கு அதில் இடமில்லை. டிரைவர் முன்னால் இருப்பான். இவனுக்குத் தெரிவது லாரியின் பின்பக்கம் மட்டும். முதல் வாரம் முழுக்க அவன் மனித முகங்களைவிட 'ஒலி எழுப்பவும்' என்ற எழுத்தைத்தான் அதிகம் பார்த்தான். சாயங்காலம் தொண்டை நிறையக் குரலோடு வீட்டுக்குப் போனான். இருபது வருஷத்தில் முதல் தடவையாக வீட்டில் பேசுவதற்கு அவனிடம் குரல் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. பானையிடம் பேசிப் பார்த்தான். பல்லியிடம் மில் நிலவரம் சொன்னான். பல்லி இடம் மாறிப் போய்விட்டது.

அப்புறம்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. சாவி யார் கையில்?

லோடு முடிந்தாலும் பச்சை போடாமல் இருந்தான். டிரைவர் கொஞ்ச நேரம் ஆரன் அடிப்பான், பிறகு இறங்கிக் கூண்டுக்கு வருவான். ஓட்டை வழியாக முகம் தெரியும். "வாய்யா, எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பான் ஒச்சாண்டி. கேன்டீனிலிருந்து டீ சொல்லுவான். ஒரு கதை சொன்னால் பச்சை விளக்கு என்பது ஆறே வாரத்தில் கேரளா வரைக்கும் தெரிந்துவிட்டது. டிரைவர்கள் வரும் வழியிலேயே கதை கட்டிக்கொண்டு வந்தார்கள். தேக்கடிப் பக்கம் ஒரே யானை மூன்று டிரைவர் கதையில் மூன்று விதமாகச் செத்தது. ஒச்சாண்டி மூன்று தடவையும் உச்சுக்கொட்டினான். கதை முடிகிற இடத்தில் மட்டும், குமுளிப் பக்கமாக வருகிறவன் என்றால், ஒரு கேள்வி கேட்பான்.

"எங்க வீட்டு ஆள மேல எங்கனயாச்சும் பாத்தியா?"

மேனேஜர் சங்கரலிங்கத்துக்கு ஒன்று விளங்கவில்லை. கட்டை வைத்த காலத்தைவிட இந்த வெளிநாட்டுச் சாமான் வந்த பிறகு லாரிகள் ஏன் அதிக நேரம் நிற்கின்றன? ஒரு நாள் கூண்டுக்கு வெளியே நின்று யானைக் கதையைக் காதால் கேட்டுவிட்டார். "ஒச்சாண்டி, லோடு முடிஞ்சும் இன்னொரு வண்டி நின்னதப் பாத்தேன், ஒன்னையப் பஞ்சு குடோனுக்குத் தூக்கிருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். பஞ்சு குடோனில் வாயைத் திறந்தால் பஞ்சுதான் உள்ளே போகும்.

எண்பத்தாறாம் வருஷம் ஆனி மாசத்தில் ஒரு நாள். சாரல் பிடித்திருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆனிக் காற்று என்றால், ஒருவன் வாயில் இருக்கிற பீடியைப் பிடுங்கிப் பக்கத்தில் இருப்பவன் வாயில் வைத்துவிடும். பலவேசம் என்கிற டிரைவர், குமுளிப் பக்கம் சரக்கு இறக்கிவிட்டு, காலி வண்டியோடு நூல் மூட்டை ஏற்ற வந்தான். ஏற்றிக்கொண்டு மறுபடி மலையேற வேண்டியவன். கிளீனர் வைத்துக்கொள்ளாத ஆள்.

ஆனால் அன்றைக்கு முன்சீட்டில் ஒரு ஆள் இருந்தது. மாயக்காள்.

ஒச்சாண்டிக்குத் தெரியாத இதை நாம் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. எஸ்டேட் பாதையில் லாரியை மறித்து அவள் சொன்னாள்: "தம்பி, மில்லுக்குத்தான போறே? நானும் வாரேன். வண்டியிலயே இருப்பேன். அந்த மனுசன் என்னையப் பாத்து எறங்குண்டு சொன்னா எறங்குறேன். சொல்லலேண்டா ஒன் வண்டியிலயே மேல திரும்பிருவேன். அப்பறம் இந்த ஊர்ப் பக்கம் வரமாட்டேன். நான் இருக்கேண்டு நீ மட்டும் அவருகிட்டச் சொல்லப்படாது." ஸ்டியரிங்கில் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஸ்டியரிங்கில் அடித்த சத்தியத்தை மீறிய டிரைவர் எவனும் மலையிறங்கியதில்லை என்பது பலவேசத்தின் நம்பிக்கை.

லாரி தண்டவாளத்துக்குள் புகுந்தது. மாயக்காள் மழைக்குப் போட்டிருந்த சாக்குக் கொங்காணியைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, டிரைவர் பக்கக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்தாள். முன்பெல்லாம் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே அந்தக் கதவு தட்டப்படும். இப்போது எங்கோ ஒரு மணி அடித்தது. இரும்பு இரும்பைக் கவ்வுகிற சத்தம். அதோடு சரி.

பலவேசம் கூண்டுக்கு வந்தான்.

"வாலே பலவேசம். மேல சாரல் எப்படி?"

"சாரலா? தண்ணியில கல்லக் கட்டி அடிக்குதுண்ணே."

"எங்க வீட்டு ஆளப் பாத்தியா?"

பலவேசம் ஒரு தடவை லாரியைத் திரும்பிப் பார்த்தான். "பாத்தேன்."

ஒச்சாண்டியின் நாற்காலி தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "எங்கன வச்சு?"

"வண்டிப் பக்கத்துலதான்."

"எப்படி இருக்கா?"

"எளைச்சிருக்காக. கால் பூராம் அட்டை கடிச்ச தழும்பு. அண்ணே, ஒரு எட்டு முன்னால வந்து அந்த டயரக் கொஞ்சம் பாருங்களேன்."

"டயர நான் பாத்து என்னா செய்ய? கொக்கி பிடிச்சிருக்கிறப்ப கூண்ட விட்டு எறங்கப்படாதுண்டு மேனேஜர் எழுதி ஒட்டிருக்காக."

"முன்சீட்டுல மலையில இருந்து கொண்டாந்த ஒரு சாமான் இருக்குண்ணே. ஒங்களுக்குத்தான்."

"மரச்சீனிக் கிழங்கா? எனக்கு வாயுத் தொந்தரவு. சங்கிலிட்டக் குடு."

பலவேசம் நெற்றியில் அடித்துக்கொள்ளப் போய், சாரல் தண்ணீரைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டான். சங்கிலியின் ஆட்கள் முதுகில் மூட்டையோடு மேடைக்கும் லாரிக்கும் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"நீ திரும்பி மேலதான போறே? அவட்ட ஒண்ணு சொல்லணும். முருங்கை காச்சுத் தொங்குது, பறிக்க ஆளில்லாம முத்தி நெத்தாப் போச்சுண்டு சொல்லு. இதுக்கு அவ என்னா சொல்லுவாண்டு நெனக்கிறே?"

பலவேசத்தின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தான் சொல்லத்தானே சத்தியம் தடுக்கிறது. கேட்டு வருவதை எந்தச் சத்தியம் தடுக்கும்?

"இருங்கண்ணே. ரேடியேட்டர்ல தண்ணி இருக்காண்டு பாத்துட்டு வந்து சொல்றேன்."

போனான், வந்தான். "'பறிக்கிறதுக்கு அவருக்குக் கை இல்லையா'ண்டு கேப்பாக."

ஒச்சாண்டி சிரித்தான். கூண்டுக் கண்ணாடி அதிர்ந்தது. "அவ வாயில இருந்து பிடுங்குன மாதிரி இருக்குலே. சரி, இதுக்குச் சொல்லு. திருவிழாவுக்குக்கூட ஏன் வரல? மகளும் மருமகனும் வந்தாக. ஊர்க்காரன் பூராம் என்னையத்தான் கேட்டான்."

"ரேடியேட்டர மூடுனேனாண்டு தெரியல, பாத்துட்டு வாரேன்."

இந்தத் தடவை வர நேரமானது. சட்டை முழுக்க நனைந்திருந்தது. "'கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்'பாக."

"கூப்பிடணுமா? போறப்ப மட்டும் சொல்லிட்டாக்கும் போனா? கட்டுனவன் ஒருத்தன் இருக்காண்டு ஒரு வார்த்தை கேட்டாளா?"

பலவேசம் ரேடியேட்டர் என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தான். ஒச்சாண்டி ஓட்டையில் முகத்தை வைத்துக் காத்திருந்தான். ஓட்டை வழியாகச் சாரல் மூக்கில் அடித்தது. பலவேசம் வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"'கேட்டேன். போகட்டுமாண்டு கேட்டேன். சொவத்துல ரெண்டு தட்டுத் தட்டுனாரு. லோடு ஏத்துன லாரிய அனுப்புற மாதிரி என்னைய அனுப்பிவிட்டாரு'ம்பாக."

ஒச்சாண்டி தன் இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். தட்டித் தட்டிக் காய்ப்பு ஏறின கை. அது தட்டியிருக்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

"இத ஆருலே ஒனக்குச் சொன்னா?"

"மலை பூராம் இதுதான் பேச்சு."

"நான் அத நெனச்சுத் தட்டலயே."

"அப்ப எத நெனச்சுண்ணே தட்டுனீக?"

ஒச்சாண்டி கையை மடியில் வைத்துக்கொண்டான். "எதையும் நெனக்கல," என்றான். சொன்ன பிறகு, அதுதான் மிக மோசமான பதில் என்று அவனுக்கே தெரிந்தது.

மேடையிலிருந்து சங்கிலி கை காட்டினான். "மச்சான், லோடு முடிஞ்சுச்சு. பச்சையப் போடு."

பலவேசம் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு முன்னால் போனான். முன் டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஏறி வண்டியைக் கிளப்பினான். ஒச்சாண்டியின் கை சாவி மேல் இருந்தது, திருப்பவில்லை. மாயக்காளிடம் சொல்லச் சொல்லி ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும், அது என்ன வார்த்தை என்று தேடிக்கொண்டிருந்தான். தேடத் தேட, உலகத்தில் இருக்கிற அத்தனை லாரி வார்த்தைகளும் வந்தன. அந்த ஒன்று வரவில்லை. வண்டி உறுமியது. சிவப்பு எரியும்போதே முன்னால் போகப் பார்த்துக் கொக்கியை இழுத்துக்கொண்டு நின்றது.

"ஏன்யா, இன்னைக்கு எந்த யானை செத்துச்சு?"

சங்கரலிங்கம் குடையோடு கூண்டு வாசலில் நின்றார். ஒச்சாண்டி சாவியைத் திருப்பினான். பச்சை எரிந்தது. கொக்கி இறங்கவில்லை.

மறுபடி திருப்பினான். மேனேஜரே உள்ளே வந்து திருப்பினார். சங்கிலி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "வண்டி முன்னால இழுத்துக்கிட்டு நிக்குது சார். சட்டம் கொக்கிய நெரிக்குது. அரை அடி பின்னால எடுத்தா விட்ரும்."

"எடுக்கச் சொல்லு."

சங்கிலி லாரியின் பின்னாலிருந்தே கத்திச் சொல்லி, பதிலையும் வாங்கிக்கொண்டு திரும்பினான். "எடுக்க மாட்டேங்கிறான்."

"ஏன்?"

"பழம் நசுங்கிருச்சாம். கற்பூரம் காட்டிப் பழம் நசுங்குன வண்டியப் பின்னால எடுத்தா, மலையேத்தத்துலயும் பின்னாலயேதான் போகுமாம்."

மேனேஜர் குடையைக் கீழே போட்டார். பலவேசத்தைத் திட்டினார், முதலாளி மகனைத் திட்டினார், அந்தச் சாமானைச் செய்த ஊரை, அந்த ஊர்ப் பேரே தெரியாமல், திட்டினார். வெட்டி எடுக்கலாமா என்று ஒருவன் கேட்க, கப்பலில் வந்ததை வெட்டினால் கப்பலில் இன்னொன்று வர ஆறு மாசம் என்று அவனையும் திட்டினார். பின்னால் மூன்று லாரிகள் வந்து நின்று, மூன்றும் ஆரன் அடித்தன. கடைசியில் அவர் எழுதி ஒட்டின ரூலை அவரே மீறினார்.

"ஒச்சாண்டி, நீ எறங்கிப் போ. ஒன் பேச்சக் கேப்பான். பேசத்தானய்யா ஒனக்கு வரும்."

ஒச்சாண்டி இறங்கினான். கூண்டு வந்த பிறகு அவன் ஒரு லாரியின் முன்பக்கத்துக்கு நடந்து போவது அதுதான் முதல் தடவை. அந்த லாரி அன்றைக்குத் தேனியிலிருந்து போடி வரைக்கும் நீளமாக இருந்தது. சாரலில் தலையைக் குனிந்துகொண்டே, எந்தப் பக்கம் என்று பாராமல் போய், பழக்கத்தில் கதவைத் தட்டி, "ஏலே பலவேசம்" என்று நிமிர்ந்தான். தட்டியது இடது பக்கக் கதவு.

கண்ணாடி இறங்கியது. எஸ்டேட்டில் கொடுத்த ஆம்பளை ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மடியில் துணி மூட்டையோடு மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். தாடை எலும்பு தெரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பலவேசம், தான் அந்த வண்டியிலேயே இல்லாததுபோல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம்புட்டு நேரமா இங்கன இருக்கே?" என்றான் ஒச்சாண்டி.

"வண்டி வந்ததுல இருந்து."

"எறங்கி வர்றது."

"நீ வருவேண்டு இருந்தேன். மணிதான் அடிச்சுச்சு."

"அங்கன இருந்து எனக்கு வண்டியோட முதுகுதான் தெரியும்."

"எனக்கு இங்கன இருந்து ரோடுதான் தெரிஞ்சுச்சு."

ஒச்சாண்டி பலவேசத்தைப் பார்த்தான். "அப்ப ரேடியேட்டரு?"

"தண்ணி நெறையாத்தான் இருந்துச்சுண்ணே," என்றான் பலவேசம், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னாலிருந்து மேனேஜரின் குரல் வந்தது. ஆரன்களும் வந்தன. பலவேசம் தொண்டையைக் கனைத்தான்.

"இதுக்கு ஒரு வழி இருக்குண்ணே. ஏறுன ஆளு எறங்கிட்டா அந்தப் பயணம் கலைஞ்சதாக் கணக்கு. கலைஞ்ச வண்டியப் பின்னால எடுக்கலாம், குத்தமில்ல. புதுப் பழம் வச்சுப் புதுசாக் கெளம்பலாம்."

"அப்ப நீ எறங்குலே."

"டிரைவரு வண்டியில சேத்தி. அவன் எறங்குறது கணக்குல வராது."

இதற்குள் சங்கிலியும் அவன் ஆட்களும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். மேனேஜரும் நனைந்தபடி வந்து சேர்ந்தார். விஷயம் விளங்கியதும் மில்லே ஒரு பொம்பிளையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மதினி," என்றான் பலவேசம் மெதுவாக.

"இம்புட்டுப் பேரு நனையிறாகளேண்டு எறங்குறேன்," என்றாள் மாயக்காள். "ஒனக்காகண்டு நெனச்சுக்கிறாத."

ஒச்சாண்டி கை கொடுத்தான். அவள் பிடிக்கவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்து இறங்கினாள். மூட்டை சீட்டிலேயே இருந்தது.

லாரி அரை அடி பின்னால் போனது. கொக்கி 'டொக்'கென்று விழுந்த சத்தம் கேட்டதும் சுமைதூக்கிகள் ஒரு தேரை நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மாதிரி மூச்சு விட்டார்கள். சங்கிலி கேன்டீனுக்கு நொண்டிக்கொண்டே ஓடி எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான். பலவேசம் மறுபடி கற்பூரம் கொளுத்தினான்; காற்று அணைத்தது; மறுபடி கொளுத்தினான். ஏறி உட்கார்ந்து, இடது பக்கக் கதவை உள்ளிருந்து திறந்து பிடித்துக்கொண்டான்.

"மதினி, கெளம்பவா?"

மாயக்காள் ஒச்சாண்டியைப் பார்த்தாள். "ஏதாச்சும் சொல்லணுமா எங்கிட்ட?"

ஆறேழு மாசமாகக் கத்திச் செலவழிக்காத குரல் அவனிடம் இருந்தது. ஒரு சத்தம் போட்டால் சின்னமனூர் திரும்பிப் பார்க்கும். அவன் பேசியது பக்கத்தில் நின்ற சங்கிலிக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒரு ஆளுக்கு எம்புட்டு அரிசி போடணும்ண்டு எனக்குத் தெரியல."

மாயக்காள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். சாரல் அவள் ஸ்வெட்டரில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"எம்புட்டுப் போடுறே?"

"ரெண்டு பேருக்குத்தான்."

"மிச்சம்?"

"அடுத்த நாளு திங்கிறது. அதுலயும் மிஞ்சுது."

மேனேஜர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சுமைதூக்கிகள் திடீரென்று ஏற்றி முடித்த மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார்கள்.

"அந்த மூட்டைய எறக்கிக் குடு தம்பி," என்றாள் மாயக்காள்.

லாரி போனது. அடுத்த லாரி தண்டவாளத்துக்குள் புகுந்து மணி அடித்துவிட்டது. "ஒச்சாண்டி, கூண்டுக்குப் போய்யா," என்றார் மேனேஜர், திட்டுகிற குரலில் இல்லாமல்.

"சாவியக் குடு," என்றாள் மாயக்காள்.

வீட்டுச் சாவி அவன் அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தது. நனைந்த முடிச்சு. நகத்தால் நெம்பிப் பார்த்தான். "தள்ளு," என்று அவன் கையை விலக்கிவிட்டு, அத்தனை பேருக்கு முன்னால் அவளே குனிந்து, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். சாவியை மடியில் செருகிக்கொண்டாள். கொங்காணியைத் தலையில் போட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கூட வரவா என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று இருந்தது.

கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தான். அங்கிருந்து கேட் தெரியாது. கேட்டைத் தாண்டி இடது கைப் பக்கம் நடந்தால் வீடு. நேர் எதிரே, மலைக்குத் திரும்புகிறவர்கள் ஏறுகிற கம்பம் பஸ் நிற்கிற இடம். அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று கேட்க ஒரு ஆள் கிடைப்பானா என்று பார்த்தான். ஓட்டைக்கு வெளியே யாரும் இல்லை. புது லாரி தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரத்தில் கம்பம் பஸ் ஒன்று வந்து நின்ற சத்தம் சாரலுக்குள் கேட்டது. கண்டக்டர் விசிலும் கேட்டது. பஸ் போய்விட்டது.

ஒச்சாண்டி இடுப்பைத் தடவிப் பார்த்தான். வீட்டுச் சாவி அவளோடு போயிருந்தது; கயிறு மட்டும், அவள் கடித்த இடத்தில் ஈரமாக இருந்தது. ஆறு மணிச் சங்குக்கு இன்னும் ஒரு மத்தியானம் முழுசாகக் கிடந்தது.